35 மி.மீ. தியேட்டர் பிரிண்டிலிருந்து பழைய தமிழ்ப்படத்தை மீட்டெடுத்தல்: முழுமையான வழிகாட்டி

பழைய தமிழ்ப்படம் ஒன்றின் 35 மி.மீ. பிரிண்ட், அதாவது தியேட்டரில் ஓட்டுவதற்காக எடுத்த பிலிம் பிரதி, கைக்கு வந்துவிட்ட, அல்லது வரவிருக்கிற, ரசிகருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. சென்னையில் இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்த பின் எழுதுவதால், எந்த வேலையை எதற்குப் பிறகு செய்ய வேண்டும் என்பதிலேயே இதன் கவனம் இருக்கும். கம்ப்யூட்டரில் செய்த தவறை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம். பிலிமில் விழுந்த கீறலைத் திரும்ப எடுக்க முடியாது. கீழே உள்ள வரிசை இந்த வேறுபாட்டை வைத்தே அமைந்திருக்கிறது.

1. எந்தப் படம், எதற்காக என்று முடிவு செய்தல்

உரிமையாளரிடம் நெகட்டிவ் (பிரிண்டுகள் எடுக்கப் பயன்படும் மூலப் பிலிம்) நல்ல நிலையில் இருந்து, அவரே மீட்டெடுத்து வெளியிட்டுவிட்ட படத்தின் மேல் மாதக்கணக்கில் உழைப்பதில் பயனில்லை. 1964-இல் வந்த ‘கர்ணன்’ 2012-இல் டிஜிட்டலாகப் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குகளுக்கே திரும்ப வந்தது. அப்படி எதுவும் நடக்காமல், மங்கலான விசிடியாகவும் ஓரம் வெட்டப்பட்ட டி.வி. பதிவாகவும் மட்டுமே கிடைக்கிற படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. முதலில் அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

நெகட்டிவ் எங்கோ இருந்தாலும் தியேட்டர் பிரிண்டுக்குத் தனி மதிப்பு உண்டு. நம் ஊர் லேப்களில் மூல நெகட்டிவிலிருந்தே பிரிண்டுகளை நேரடியாக எடுக்கும் வழக்கம் பரவலாக இருந்ததால், நெகட்டிவ் தேய்ந்துபோன படங்களுக்கும் தொடக்கக் காலப் பிரிண்ட் ஒன்று கூர்மையாக இருக்கக்கூடும். மேலும், ஒவ்வொரு ஷாட்டையும் எவ்வளவு வெளிச்சத்தில், எந்த நிறச் சமநிலையில் காட்டுவது என்று அன்று எடுத்த முடிவு பிரிண்டில்தான் பதிந்திருக்கிறது. நெகட்டிவைப் பார்த்து மட்டும் அதை அறிய முடியாது.

பிரிண்ட் உங்களுடையது என்பதால் படத்தின் உரிமை உங்களுடையதாகிவிடாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளுக்கு நீடிக்கும். பாடல் வரிகளுக்கும் இசைக்கும், எழுதியவர், இசையமைத்தவர் வாழ்நாளைப் பொறுத்த தனிக் கணக்கு உண்டு. எனவே இங்கே சொல்லப்படும் வேலையைத் தனிப் பயன்பாட்டுக்கும் பாதுகாப்புக்குமானதாகவே வைத்துக்கொள்ளுங்கள். வெளியிட நினைத்தால் உரிமையாளரிடம் எழுத்து மூலமான அனுமதி பெற்ற பிறகே அதைச் செய்ய வேண்டும். நல்ல ஸ்கேனுடன் போய்ப் பேசும் ரசிகரை உரிமையாளர் மதிப்பதற்கு வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து.

2. பெட்டியைத் திறக்கும் முன் தயார் செய்ய வேண்டியவை

ஒரு நீளமான மேசை, அதன் இரு முனைகளிலும் கையால் சுற்றும் ரீவைண்டர், நடுவில் பின்னொளி தரும் பால்நிறக் கண்ணாடி, 8 அல்லது 10 மடங்கு பெருக்கும் லூப், அடி-ஃப்ரேம் எண்ணும் கருவி, பஞ்சுநூல் கையுறை, மில்லிமீட்டர் குறியிட்ட உலோக அளவுகோல், 35 மி.மீ. துளைகளுடன் வரும் ஒட்டு நாடா, பிலிமை வெட்டி ஒட்டுவதற்கான ஸ்ப்ளைசர் ஆகியவை அடிப்படைத் தேவைகள். மூடிய தியேட்டர்களின் ஆபரேட்டர் அறைகளில் இருந்த ரீவைண்டர்கள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன; வாங்கும் முன் அச்சு ஆட்டம் கொடுக்கிறதா என்று கையால் சுழற்றிப் பாருங்கள். மோட்டார் ரீவைண்டரைத் தவிர்த்துவிடுங்கள். கிழிந்த துளை விரலில் பட்டவுடன் நிறுத்துவதற்குக் கைச்சுற்றுதான் ஏற்றது.

அறையில் மின்விசிறி ஓடக் கூடாது. மேசைமேல் துணி விரிக்கக் கூடாது, ஏனென்றால் அதன் நூல் பிலிமில் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் ஈரம் படும் எந்த வேலையையும் தொடங்க வேண்டாம். காற்றின் ஈரத்தில், படம் பதிந்திருக்கும் மேலடுக்கான எமல்ஷன் இளகி, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குளிரூட்டிய அறையை நாள் முழுதும் ஒரே நிலையில் வைத்திருக்க முடிந்தால் மட்டுமே அது நன்மை தரும். பகலில் நிறுத்தி இரவில் ஓட்டினால் பிலிம் தினமும் விரிந்து சுருங்கும். அதைவிடக் காற்றோட்டமான சாதாரண அறையே மேல்.

3. முதல் ஒரு மணி நேரம்: முகர்ந்து பார்த்தல், அடித்தளத்தை அறிதல்

டப்பாவைத் திறந்ததும் பிலிமை அவிழ்க்காதீர்கள். முதலில் முகர்ந்து பாருங்கள். புளித்த காடி வாடை மூக்கில் ஏறினால், அது பிலிமின் அசிட்டேட் அடித்தளம் (எமல்ஷனைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை) சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளிவருவதன் அடையாளம். அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும் என்பதால், வாடை உள்ள ரீலை அன்றே மற்ற ரீல்களிலிருந்து பிரித்து வேறு அறையில் வைக்க வேண்டும். சிதைவு எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்பதை ஏ-டி பட்டைகள் எனப்படும் சோதனைத் தாள்கள் காட்டும். டப்பாவுக்குள் ஒரு நாள் வைத்தால் நீலத் தாள் பச்சையாகவும் பிறகு மஞ்சளாகவும் மாறும். மஞ்சளை நெருங்கிய ரீலுக்கு ஸ்கேன் வரிசையில் முதலிடம் கொடுங்கள், அது படத்தின் கடைசி ரீலாக இருந்தாலும் சரி.

அடுத்ததாக அடித்தளம் எது என்று அறிய வேண்டும். சுருளைப் பக்கவாட்டில் விளக்குக்கு எதிரே பிடித்தால் பாலியெஸ்டர் ஒளியை ஊடுருவ விடும். அசிட்டேட் இருண்டு தெரியும். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய பிரிண்ட் என்றால் நைட்ரேட்டாக இருக்கக்கூடும். நைட்ரேட் எரியும்போது தனக்குத் தேவையான ஆக்சிஜனைத் தானே வெளிவிடும் என்பதால் தண்ணீராலும் மணலாலும் அதை அணைக்க முடியாது. அப்படிப்பட்ட பிரிண்டை வீட்டில், அதுவும் சென்னையின் மே மாதத்தில், வைத்திருப்பது அக்கம்பக்கத்தாருக்கும் ஆபத்து. புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைத் தொடர்புகொண்டு ஒப்படைப்பதே சரியான வழி. இந்த ஒரு விஷயத்தில் ரசிகரின் ஆசைக்கு இடமில்லை.

ஓரத்தில் உள்ள எழுத்துகளை லூப்பில் படிக்கும்போது ஒரு குழப்பம் வரும். நெகட்டிவின் ஓர எழுத்துகளும் பிரிண்டில் அச்சாகி வந்திருக்கலாம். தெளிந்த ஓரத்தில் கறுப்பாகத் தெரிபவை பெரும்பாலும் பிரிண்டுக்குரியவை. கறுத்த ஓரத்தில் வெளுப்பாகத் தெரிபவை நெகட்டிவிலிருந்து வந்தவை. வெளுப்பு எழுத்தில் ‘சேஃப்டி’ என்று இருப்பதைப் பார்த்து பிரிண்ட் பாதுகாப்பானது என்றோ, இன்ன ஆண்டைச் சேர்ந்தது என்றோ முடிவு செய்யாதீர்கள். கோடாக் பிலிமில் வட்டம், சதுரம், முக்கோணம் ஆகிய குறிகள் பிலிம் தயாரான ஆண்டைச் சொல்லும்; அந்த வரிசை 20 ஆண்டுகளுக்கு ஒரு முறை திரும்ப வரும். 1960-களின் படத்தில் 1970-களின் குறி இருந்தால், கையில் இருப்பது மறுவெளியீட்டுப் பிரிண்ட்; அதில் காட்சிகள் வெட்டப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு.

4. மேசையில் பதிவேடு எழுதுதல்

புதியவர்கள் தவிர்க்க நினைக்கும் படி இதுதான். பின்னால் வரும் எல்லா முடிவுகளும் இந்தப் பதிவேட்டைச் சார்ந்திருப்பதால், அதிக நேரம் இதற்கே ஒதுக்க வேண்டும்.

ஒவ்வொரு ரீலையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை மெதுவாகச் சுற்றி, அடியும் ஃப்ரேமும் குறிப்பிட்டு எல்லா ஒட்டுகளையும், கிழிந்த துளைகளையும், ஆழமான கீறல்களையும், ஷாட்டின் நடுவே படம் தாவும் இடங்களையும் எழுதுங்கள். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம், நிமிடத்துக்கு 90 அடி. ஆகவே 1,000 அடி ரீல் 11 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். பதிவேட்டில் ஒரு வரி இப்படி இருக்கலாம்: “ரீல் 6, 412 அடி 9 ஃப்ரேம், சிமெண்ட் ஒட்டு, நாயகி திரும்பும் முன் படம் தாவுகிறது, இடப்பக்கத் துளைகள் மூன்று கிழிசல்.” ஸ்கேன் முடிந்த பிறகு அதே இடத்தில் ஒலியும் தாவினால், இந்த ஒரு வரி பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும்.

முதல் ரீலின் தொடக்கத்தில் சென்சார் சான்றிதழ் இருந்தால், அதில் உள்ள மொத்த நீளத்தையும் ரீல் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டரில் தரப்பட்டிருந்தால் 27.4-ஆல் வகுத்தால் நிமிடங்கள் கிடைக்கும். 4,500 மீட்டர் என்பது ஏறக்குறைய 164 நிமிடம். உங்கள் பிரிண்டின் மொத்த நீளத்தை இதனுடன் ஒப்பிட்டால் எவ்வளவு இல்லை என்று தெரிந்துவிடும்.

இங்கே பலரும் செய்யும் பிழை, டிவிடியின் ஓடுநேரத்துடன் ஒப்பிடுவது. நம் நாட்டில் டி.வி.க்கும் டிவிடிக்கும் மாற்றப்பட்ட படங்கள் நொடிக்கு 24-க்குப் பதில் 25 ஃப்ரேம் வேகத்தில் ஓடுகின்றன. 160 நிமிடப் படம் அதில் 153 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடும். அந்த ஆறு நிமிட வேறுபாட்டைப் பார்த்து, டிவிடியில் இல்லாத காட்சி தங்கள் பிரிண்டில் இருப்பதாக மகிழ்ந்தவர்கள் உண்டு.

எந்தப் பகுதி இல்லை என்பதை அறியப் பாட்டுப் புத்தகம்தான் சிறந்த துணை. அந்நாளில் தியேட்டர் வாசலில் விற்ற அந்தச் சிறு புத்தகத்தில் கதைச் சுருக்கமும் பாடல்களும் இருக்கும். ஆபரேட்டர்களும் விநியோகஸ்தர்களும் பாடல்களை வெட்டி எடுத்துவிட்ட பிரிண்டுகள் ஏராளம் என்பதால், புத்தகத்தில் உள்ள பாடல் ஒன்று பிரிண்டில் இல்லையென்றால் அதற்குரிய ஒட்டைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய திரைப்பட அச்சுப் பொருட்களைப் பார்க்கலாம்.

கடைசியாக, பிலிம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளக்க வேண்டும். புதிய பிரிண்டில் 100 துளை இடைவெளிகளின் நீளம் 475 மி.மீ. உங்கள் பிலிமில் அது 471 மி.மீ.-ஐ நெருங்கினால் சுருக்கம் 0.8 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று பொருள். அந்தப் பிலிமைப் பற்சக்கரம் உள்ள எந்த இயந்திரத்திலும் ஏற்றக் கூடாது. பிரிண்ட் எப்படி இருக்கிறது என்று ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்ற ஆசையில் புரொஜெக்டரில் ஏற்றித் துளைகளைக் கிழித்துக்கொள்பவர்கள் இந்த அளவை எடுத்திருக்க மாட்டார்கள்.

5. பழுது பார்த்தல், அதன் பிறகு சுத்தம் செய்தல்

இந்த வரிசையை மாற்றக் கூடாது. கிழிந்த துளையோடு துடைத்தால் துணி அதில் மாட்டிக் கிழிசலைப் பெரிதாக்கும்.

துளைக் கிழிசல்களைப் பிலிமுக்கென்று செய்யப்பட்ட நாடாவால் மட்டுமே ஒட்டுங்கள். ஸ்டேஷனரிக் கடை செல்லோடேப்பின் பசை சென்னை வெயிலில் இளகி அடுத்த சுற்றுக்குப் பரவும். உறுதியாக இருக்கும் பழைய சிமெண்ட் ஒட்டுகளைத் தொட வேண்டாம், ஏனென்றால் அவற்றைப் பிரித்து மறுபடி ஒட்டினால் ஒரு ஃப்ரேமாவது போய்விடும். பிலிம் சிமெண்ட் பாலியெஸ்டரில் பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சுத்தம் செய்யப் பிலிமுக்குரிய திரவமே சிறந்தது. அது கிடைக்காதபோது 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை, ரீலின் கடைசியில் படம் இல்லாத லீடர் பகுதியில் சோதித்துச் சாயம் கரையவில்லை என்று உறுதி செய்த பிறகு பயன்படுத்தலாம். நூல் உதிராத துணியை ஈரமாக்கி, பிலிமின் மேல் லேசாகப் பிடித்து, ஈரம் காய்ந்த பிறகே சுற்றில் சேரும் வேகத்தில் சுற்ற வேண்டும். துணியை அடிக்கடி மாற்றுங்கள். அழுக்கேறிய துணி உப்புத்தாளுக்குச் சமம். ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். அதே அறையில் விளக்கோ கொசுவர்த்தியோ எரியக் கூடாது.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய ஆபரேட்டர்கள் சிலர் சி.டி.சி. எனப்படும் கார்பன் டெட்ராகுளோரைடைப் பரிந்துரைப்பார்கள். அது பிலிமை நன்றாகத்தான் சுத்தம் செய்யும். ஆனால் அதன் ஆவி கல்லீரலைப் பாதிக்கும் நஞ்சு. மற்றொன்று, பூஞ்சை பிடித்த பிலிமில் தண்ணீர் படவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீரில் கரையும் தன்மை பெற்றுவிடுவதால், ஈரத்துணியோடு படமே வழிந்து வந்துவிடும்.

சுற்றும்போது தளர்ந்த சுருளின் முனையைப் பிடித்து இழுத்து இறுக்காதீர்கள். சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று உரசுவதில்தான் திரையில் மழையாகப் பெய்யும் கோடுகளில் பெரும்பகுதி உருவாகிறது.

6. ஸ்கேன் செய்தல்

சாலிகிராமத்தில் உள்ள பிரசாத் போன்ற நிறுவனங்களிடம் உயர்தர ஸ்கேனர்கள் உண்டு. அங்கே உரிமைக் கடிதம் கேட்கப்படலாம் என்பதால் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. ஸ்கேன்ஸ்டேஷன் போன்ற பற்சக்கரம் இல்லாத ஸ்கேனரே சுருங்கிய பிலிமுக்கு ஏற்றது. பழைய புரொஜெக்டரில் கேமரா பொருத்தி வீட்டிலேயே ஸ்கேனர் அமைப்பவர்களும் உண்டு. அவர்கள் விளக்கை எல்.இ.டி.யாக மாற்றுவதுடன், நின்று நின்று இழுக்கும் பற்களையும் அகற்றியாக வேண்டும்.

யார் ஸ்கேன் செய்தாலும் நான்கு விஷயங்களை முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். முதலாவது, இது பாசிட்டிவ் பிரிண்ட் என்பது. நெகட்டிவுக்கான அமைப்பில் ஸ்கேன் செய்தால் இருண்ட பகுதிகளில் எதுவும் பதியாது. திரையில் காட்டுவதற்காக உருவான பிரிண்டின் கறுப்பு மிக அடர்த்தியானது. ஸ்கேனரில் ஒவ்வொரு ஃப்ரேமையும் இரு வெளிச்ச அளவில் எடுத்துச் சேர்க்கும் இரட்டை எக்ஸ்போஷர் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இரவுக் காட்சிகளில் வேறுபாடு தெரியும்.

இரண்டாவது, ஃப்ரேமைச் சுற்றி இடம் விட்டு ஸ்கேன் செய்வது. ஒரு பக்கத் துளைகளும், மறுபக்கத்தில் ஒலித்தடம் முழுவதும், மேலும் கீழும் அடுத்த ஃப்ரேம்களின் விளிம்பும் தெரிய வேண்டும். துளைகள் இருந்தால் அவற்றைப் பிடித்துப் படத்தின் ஆட்டத்தைச் சரிசெய்யலாம். ஒலித்தடம் படமாகப் பதிந்திருந்தால், ஏஇஓ-லைட் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு அந்தப் படத்திலிருந்தே ஒலியை எடுக்கலாம்.

மூன்றாவது, ஸ்கேனருக்குள் இருக்கும் கூர்மை கூட்டும் வசதியும் மாசு நீக்கும் வசதியும் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். நான்காவது, பிலிமின் கிரெயினை, அதாவது படத்தை உருவாக்கும் நுண்துகள்களை, பார்த்துக் குவியம் அமைப்பது. நடிகரின் முகத்தைப் பார்த்துக் குவியம் அமைத்தால், அந்த ஷாட்டே மங்கலாக எடுக்கப்பட்டதாக இருக்கும்போது ரீல் முழுதும் தவறாகிவிடும்.

நிறம் வெளிறிய பிரிண்டில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று சேனல்களுக்கும் தனித்தனியே வெளிச்சத்தை அமைக்கச் சொல்லுங்கள். எஞ்சியிருக்கிற மெல்லிய சாயத்தின் வேறுபாடுகளை முழு அளவில் பதிவு செய்ய அதைவிட்டால் வழியில்லை. 8 பிட்டில் எடுத்தால் பின்னர் நிறத்தை இழுக்கும்போது வானம் பட்டை பட்டையாகப் பிரியும். 10 பிட் குறைந்தபட்சம்.

ஸ்கோப் (அகலத்திரை) படம் என்றால் ஃப்ரேமில் எல்லாரும் ஒல்லியாக, நீண்டு தெரிவார்கள். அப்படியே ஸ்கேன் செய்து, அகலத்தை இரு மடங்காக்குவதை இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1973-இல் ‘ராஜராஜ சோழன்’ தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்தது. அதற்கு முந்தைய படங்களில் பெரும்பாலானவை ஏறக்குறைய சதுரமான பழைய ஃப்ரேமில் எடுக்கப்பட்டவை. அவற்றை இன்றைய டி.வி. அகலத்துக்கு வெட்டித் தலையையும் காலையும் இழப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

7. கோப்புகளைச் சேமித்தல்

ஃப்ரேமுக்கு ஒன்றாக ஸ்கேனர் தரும் 4கே டிபிஎக்ஸ் படக்கோப்பு ஒன்று ஏறத்தாழ 51 மெகாபைட். 160 நிமிடப் படத்தில் 2,30,400 ஃப்ரேம்கள் என்பதால் மொத்தம் கிட்டத்தட்ட 12 டெராபைட் வரும். 2கே என்றால் 3 டெராபைட். தரம் குறையாமல் சுருக்கும் எஃப்எஃப்வி1 முறை இந்த அளவைக் கணிசமாகக் குறைக்கும். ரிச்சி தெருவில் வாங்கிய ஒரே ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். இரண்டு பிரதிகளாவது வேண்டும். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு கோப்புக்கும், அது பின்னால் மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்ணான செக்சம் எடுத்து வையுங்கள். மூல ஸ்கேனைத் திறந்து அதன் மேலேயே எந்த மாற்றமும் செய்யக் கூடாது.

8. ரீல்களைக் கோர்த்தல்

படத்தின் தொடர்ச்சியை முழுமையாக்கிய பிறகே மாசு நீக்கத்துக்குப் போக வேண்டும். பின்னால் வேறு பிரிண்ட் கிடைத்து அந்தப் பகுதியையே மாற்ற நேர்ந்தால், துடைத்த உழைப்பெல்லாம் வீணாகும்.

ரீலின் தொடக்கமும் முடிவும்தான் அதிகம் தேய்ந்திருக்கும். இரண்டாவது பிரிண்ட் கிடைத்தால் அந்த இடங்களுக்கே முதலில் பயன்படுத்துங்கள். அதுவும் இல்லாதபோது, விடுபட்ட ஷாட்டை டி.வி. பதிவிலிருந்து எடுத்துச் சேர்ப்பதில் தவறில்லை; தரம் இறங்குவது தெரிந்தாலும் காட்சி முழுமையாக இருப்பதே மேல். எந்த மூலமும் கிடைக்காத இடைவெளியைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு புதிய ஃப்ரேம்களை உருவாக்கி நிரப்புவதை நான் ஏற்பதில்லை. கேமரா முன் நடக்காத ஒன்றை அந்த நடிகர் செய்ததாகக் காட்டிவிடுகிறோம். தாவல் தாவலாகவே இருக்கட்டும்.

ரீல் மாற்றத்துக்காக வலது மேல் மூலையில் வரும் புள்ளிகள், முடிவுக்கு 8 நொடிக்கு முன் ஒரு முறையும் 1 நொடிக்கு முன் இன்னொரு முறையும் நான்கு நான்கு ஃப்ரேம்களில் தெரியும். லேப் வைத்த வட்டமான புள்ளிகளை விட்டுவிட்டு, ஆபரேட்டர்கள் ஊசியால் கீறிச் சேர்த்தவற்றை மட்டும் நீக்கலாம். இடைவேளை அட்டையை வெட்டாதீர்கள்.

9. ஆட்டம், துடிப்பு, மாசு, கீறல்

மாசு நீக்கும் மென்பொருட்கள் முந்தைய, அடுத்த ஃப்ரேம்களோடு ஒப்பிட்டே வேலை செய்கின்றன. ஒளித் துடிப்பும் (ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வெளிச்சம் மாறுவது) ஆட்டமும் இருந்தால் அவை எல்லாவற்றையும் மாசாக எண்ணிக் குழம்பும் என்பதால், துடிப்பை முதலிலும் ஆட்டத்தை அடுத்தும் சரிசெய்யுங்கள். துளைகளைப் பிடித்து நிலைநிறுத்திய பின்னும் படம் அசைந்தால், அந்த அசைவு பிரிண்ட் எடுக்கும்போதோ படப்பிடிப்பிலோ வந்தது. அதை ஷாட் ஷாட்டாகத்தான் கையாள வேண்டும்.

மாசின் நிறத்தைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். கறுப்புப் புள்ளிகள் உங்கள் பிரிண்டின் மேல் உள்ள தூசு. அவை அதிகமாக இருந்தால் ஐந்தாம் படியைச் சரியாகச் செய்யவில்லை என்று பொருள், திரும்பப் போய்த் துடைத்து மறுபடி ஸ்கேன் செய்வது கம்ப்யூட்டரில் நீக்குவதைவிட விரைவானது. வெள்ளைப் புள்ளிகள் நெகட்டிவில் இருந்த தூசு அச்சானவை. எவ்வளவு துடைத்தாலும் போகாது. நிறப் பிரிண்டில் பச்சைக் கோடு தெரிந்தால் எமல்ஷனின் மேலடுக்கான மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) மட்டும் சுரண்டப்பட்டிருக்கிறது. மஞ்சளாகத் தெரிந்தால் அதன் கீழுள்ள சையான் (நீலப்பச்சை) அடுக்கும் போய்விட்டது. பச்சைக் கோட்டின் கீழே மற்ற இரு அடுக்குகளின் தகவல் மிச்சம் இருப்பதால், அதை ஓரளவு இயல்பாகவே மீட்க முடியும்.

டாவின்சி ரிசால்வின் கட்டணப் பதிப்பில் உள்ள மாசு நீக்கியும், இலவசமான அவிசிந்த், வேப்பர்சிந்த் நிரல்களும் ரசிகர் வேலைக்குப் போதுமானவை. தானியங்கி நீக்கத்தைக் குறைந்த அளவில் ஓட்டி, மிஞ்சுவதைக் கையால் நீக்குங்கள். அளவைக் கூட்டினால் முதலில் காணாமல் போகிறவை மூக்குத்தியின் மின்னலும், சதங்கை மணிகளும், நாட்டியத்தில் வேகமாகத் திரும்பும் விரல்களும்தான். நடனக் காட்சிகளில் முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த ரீலையும் முடிந்ததாகக் கணக்கில் எடுக்காதீர்கள். கிரெயினை முழுவதும் துடைப்பதும் பிழையே. கிரெயின் என்பது படம் எதனால் ஆனதோ அது. அதை எடுத்துவிட்டால் முகங்கள் மெழுகாகிவிடும்.

10. நிறம்

1980-களின் தொடக்கத்துக்கு முந்தைய ஈஸ்ட்மென் கலர் பிரிண்டுகளில் சையான் சாயம் முதலில் மங்குகிறது, மஞ்சளும் குறைகிறது, மெஜந்தா மட்டும் நிலைக்கிறது. படம் முழுதும் இளஞ்சிவப்பாகத் தெரிவதன் காரணம் இதுதான். அப்படிப்பட்ட பிரிண்டில் நெற்றிக் குங்குமம் தோலோடு கரைந்து தெரியாமல் போயிருக்கும். கூந்தலில் உள்ள மல்லிகை ரோஜா நிறத்தில் இருக்கும்.

புதியவர்கள் உடனே மெஜந்தாவைக் குறைக்கப் பார்க்கிறார்கள். அப்போது படம் சாம்பல் பூத்துவிடும், ஏனென்றால் குறைபாடு மற்ற இரு சாயங்களில் இருக்கிறது. மூன்று சேனல்களையும் தனித்தனியே கறுப்பு-வெள்ளையாகப் பாருங்கள். பச்சைச் சேனல் தெளிவாக இருக்கும்; சிவப்புச் சேனல் வெளுத்துத் தட்டையாக இருக்கும். சிவப்பின் கறுப்புப் புள்ளியையும் வெள்ளைப் புள்ளியையும் பச்சையின் அளவுக்கு நீட்டி, பிறகு நீலத்துக்கும் அவ்வாறே செய்து, கடைசியில்தான் நடுத்தர ஒளிப்பகுதிகளைச் சமன்படுத்த வேண்டும். நீட்டிய சேனல்களில் இரைச்சல் எழும். அந்தச் சேனல்களில் மட்டும் அதைக் குறையுங்கள். சுருளின் வெளிச்சுற்றும் உட்சுற்றும் ஒரே அளவில் வெளிறுவதில்லை என்பதால், ஒரு ரீலுக்கு ஒரே அமைப்பு போதாது.

எதைப் பார்த்து நிறத்தை முடிவு செய்வது என்பதே கடினமான கேள்வி. போஸ்டர்கள் ஓவியரின் கைவண்ணம். தியேட்டர் வாசல் ஸ்டில்களில் பல, கறுப்பு-வெள்ளைப் படத்தின் மேல் கையால் நிறம் தீட்டப்பட்டவை. இரண்டையும் ஆதாரமாகக் கொள்ள முடியாது. அதே படத்தின் வெளிறாத துண்டு, சில ஃப்ரேம்களே ஆனாலும், எங்காவது ஒரு சேகரிப்பாளரிடம் கிடைத்தால் அதுதான் சரியான சான்று. அது இல்லாதபோது மல்லிகையின் வெண்மை, குங்குமத்தின் சிவப்பு, வாழை இலையின் பச்சை ஆகிய மூன்றும் ஒரே ஷாட்டில் இருக்கும் கல்யாணக் காட்சியிலிருந்து தொடங்குங்கள். அன்றைய ஒப்பனை இன்றைய கண்ணுக்குச் சற்று மிகையாகத் தெரியும். அதை இயல்பான தோல் நிறத்துக்கு இழுத்தால் பின்னணியின் நிறமெல்லாம் திரிந்துவிடும்.

கறுப்பு-வெள்ளைப் படத்தில் வேலை எளிது: ஸ்கேனில் வந்த நிறச்சாயலை நீக்கி, ஷாட்டுக்கு ஷாட் ஒளியைச் சமன்படுத்தினால் போதும்.

11. ஒலி

பிரிண்டில் ஒரு ஃப்ரேமுக்குரிய ஒலி அந்த ஃப்ரேமின் பக்கத்தில் இருக்காது; சுமார் 20 ஃப்ரேம் முன்னால் இருக்கும். எனவே ஒரு ஒட்டில் 12 ஃப்ரேம் போயிருந்தால், படம் ஓரிடத்திலும் ஒலி வேறொரு இடத்திலும் தாவும். இரண்டும் தனித்தனிச் சேதம் என்று நினைத்து ஒலியை அதன் போக்கில் நகர்த்தினால் அந்த இடத்திலிருந்து உதட்டசைவு பிசகும். பதிவேட்டைத் திறந்து, அந்த ஒட்டுக்குரிய இரு இடைவெளிகளையும் சேர்த்தே சரிசெய்யுங்கள்.

விடுபட்ட ஒலியை டிவிடியிலிருந்து எடுப்பதாக இருந்தால், முதலில் அதன் வேகத்தை 25-லிருந்து 24-க்குக் குறைக்க வேண்டும். 25 ஃப்ரேம் ஓட்டத்தில் சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும். குறைக்காமல் ஒட்டினால் பாடகரின் குரல் நடுச்சரணத்தில் மாறுவது எந்தக் காதுக்கும் தெரிந்துவிடும். இசைத்தட்டிலிருந்து பாடலைப் பொருத்துவதும் பெரும்பாலும் பலிக்காது. தட்டில் வந்த பாடலுக்கும் படத்தில் வந்ததற்கும் நீளமும் இடையிசையும் பல படங்களில் வேறுபடுகின்றன.

கிளிக், வெடிப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக நீக்குங்கள். சீறலை முழுவதும் அகற்றும் அளவுக்குப் போகாதீர்கள். பழைய ஒளித்தடத்தில் உயர் சுரங்கள் ஏற்கெனவே குறைவு. சீறலோடு சேர்ந்து ‘ச’, ‘ஸ’ ஒலிகளும் வீணையின் மீட்டு ஒலியும் போய்விடும்.

12. சரிபார்த்தலும் பிரிண்டைத் திரும்ப வைத்தலும்

முடிந்த படத்தை மானிட்டரில் துண்டு துண்டாகப் பார்த்தது போதாது. பெரிய திரையில், இருட்டில், இடையில் நிறுத்தாமல் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அந்த வேலையில் ஈடுபடாத ஒருவர், முடிந்தால் அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்த தலைமுறையைச் சேர்ந்தவர், உடன் இருக்கட்டும். மாசு நீக்கியவரின் கண் கறைகளையே தேடிக்கொண்டிருப்பதால், உதட்டசைவு பிசகுவதையும் ரீல் மாறும்போது நிறம் தாவுவதையும் தவறவிடும்.

இறுதிக் கோப்புடன் ஒரு குறிப்பையும் சேர்த்து வையுங்கள்: எந்தப் பிரிண்ட், எந்த ரீலில் எவ்வளவு இல்லை, எந்த ஷாட் வேறு மூலத்திலிருந்து வந்தது, நிறத்துக்கு எது ஆதாரம். நாளை இதைவிட நல்ல பிரிண்ட் கிடைக்கும் ஒருவர், உங்கள் வேலையை முதலிலிருந்து செய்யாமல் விட்ட இடத்திலிருந்து தொடர அது உதவும்.

ஸ்கேன் முடிந்துவிட்டது என்று பிரிண்டைப் பழைய தகர டப்பாவிலேயே திரும்பப் போடாதீர்கள். துருவும், டப்பாவின் உள்ளே படிந்த அமிலமும் சிதைவை விரைவுபடுத்தும். காற்றோட்டத் துளையுள்ள பாலிபுரொப்பிலீன் டப்பாவில், தளர்வும் இறுக்கமும் இல்லாமல் சீராகச் சுற்றி, படுக்கை வாட்டில் வையுங்கள். பாலித்தீன் பையில் இறுக்கமாகக் கட்டினால் வெளியேற வழியில்லாத அமிலம் உள்ளேயே தங்கும். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையும், மழைநீர் ஏறக்கூடிய தரைத்தளமும் ஏற்றவை அல்ல. நடுத்தளத்தில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரி போதும். ஆண்டுக்கு ஒரு முறை, தை அல்லது மாசியில், ஒவ்வொரு டப்பாவையும் திறந்து முகர்ந்து பார்த்து, பிலிமை மறுமுனையிலிருந்து ஒரு முறை சுற்றி, தேதியைப் பதிவேட்டில் எழுதுங்கள்.